காதண்ணன் குடைந்த கிட்டார்

அந்தப் பட்டறையில் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். கணக்குப்படி பதினெட்டுக் காதுகள். ஆனால் ‘காது’ என்கிற பதவி ஒரே ஒருவருக்குத்தான் வழங்கப்பட்டிருந்தது. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் அவரைக் காதண்ணன் என்றே கூப்பிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது. முன்பக்கம் கவிந்த தோள்கள், மூக்குக்கண்ணாடியில் எந்நேரமும் மரத்தூள். இருபத்தாறு வருடமாக மரம் குடைந்துகொண்டிருந்தார்.

முதல் பதினாறு வருடம் சமையலறை அலமாரிகள் செய்தார்கள். பிறகுதான் முதலாளிக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஒரு பலகையைக் கதவாக்கி விற்றால், வாங்கியவர் கீல் சரியில்லை என்று வாசலில் வந்து நின்று கத்துகிறார். அதே பலகையை எலக்ட்ரிக் கிட்டாராக்கி விற்றால், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணை மூடிய வாடிக்கையாளரைவிட உயர்ந்த பிறவி கிடையாது என்று முடிவாயிற்று. அந்த வருடமே பட்டறை மாறியது.

எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் போடுவது கம்பி. அதைப் பிடித்து அனுப்புவது காந்தம். மரத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் ஒரு கட்சி. மரம்தான் எல்லாம், கம்பி சும்மா சாக்கு என்பவர்கள் எதிர்க்கட்சி. இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும் பட்டறை பிழைக்காது என்பதால், முதலாளி நடுவில் காதண்ணனை நிறுத்தினார். குடைந்து முடித்து மேல்பலகை ஒட்டிய ஒவ்வொரு கிட்டார் உடம்பையும் அவர் கையில் எடுத்து, காதோரம் வைத்துக் குலுக்கி, விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது பிசிறு ஆடுகிறதா, ஒட்டாத இடம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இந்தத் தட்டல். அந்த நேரத்தில் எல்லா மெஷினும் நிற்கும். வாடிக்கையாளர் யாராவது வந்திருந்தால் அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். கடைசியில் காதண்ணன், “போகலாம்” என்பார். அந்த ஒரு சொல் விழாமல் எந்த உடம்பும் பாலிஷுக்குப் போனதில்லை.

இந்த மகத்தான ஏற்பாட்டில் ஒரு சின்னக் குறை இருந்தது. காதண்ணனுக்குக் காது கேட்காது.

முழுச் செவிடு என்று சொல்லிவிட முடியாது. தடித்த சத்தமெல்லாம் கேட்கும். லாரி, கதவு, முதலாளியின் கோபம் இதற்கெல்லாம் குறைவில்லை. மெல்லிய, கூரான சத்தங்கள்தாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போய்விட்டன. மரம் குடையும் ரூட்டர் மெஷின் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்று அலறினால் அப்படித்தான் ஆகும். காதடைப்பான் ஆணியில் புதுசாகவே தொங்கியது. “அதைப் போட்டா மரம் பேசறது கேக்காது” என்பார். ஆகையால் மரம் பேசுவதைக் கேட்டுக் கேட்டே, மரம் பேசுவது கேட்காமல் போய்விட்டது.

முதலில் சாப்பாட்டுச் சூடுபெட்டியின் கீச்சொலி போயிற்று. அப்புறம் வாட்ச்மேனின் விசில். மனைவி சொல்வதில் பாதி காதில் விழவில்லை என்பதை, நீண்ட திருமண வாழ்வின் இயல்பான வளர்ச்சி என்று அவர் வெகுநாள் நம்பியிருந்தார். ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு கோடு போட்ட தாளைக் காட்டினார். கோடு பாதி தூரம் ஒழுங்காகப் போய், பிறகு மாடிப்படியில் தடுக்கி விழுந்தவரைப் போல் இறங்கியது. மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். காது என்ற பதவியில் இருப்பவர் காதில் மெஷினோடு பட்டறைக்கு எப்படிப் போவது?

விஷயம் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தட்டுகிற வேலை போய்விடும். உப்புத்தாள் மேஜைக்கு அனுப்புவார்கள். அங்கே நாள் முழுக்க நின்றபடி மரத்தைத் தேய்க்க வேண்டும். தேய்க்கிற இருவரும் சாயங்காலம் கிளம்பும்போது மாவில் புரட்டியெடுத்தவர்கள் மாதிரி இருப்பார்கள். காதண்ணனின் முழங்கால் இரண்டும் ஏற்கனவே வேலைநிறுத்தத்தில் இருந்தன. ஆகவே அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். புரியாதபோது “ம்” என்றார். மனிதகுலத்தோடு தொண்ணூறு சதவீதம் பேச்சுவார்த்தையை ஒரு “ம்” வைத்தே நடத்திவிட முடிகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆனால் அதற்கும் உழைப்பு வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகும்போது குடைந்த கை வலிப்பதைவிட, கேட்டமாதிரி வைத்திருந்த முகம் அதிகம் வலித்தது.

இப்படி இருக்கும்போதுதான் மனைவியின் தம்பி கழுத்தில் பட்டையோடு வீட்டுக்கு வந்தான். அவன் ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில் மாலைதோறும் கிட்டார் வாசிக்கிறவன். அங்கே யாரும் வாசிப்பைக் கேட்பதில்லை. நிறுத்தினால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“மாமா, டாக்டர் ரெண்டே வழிதான் சொன்னாரு. ஒண்ணு கிட்டாரை விடணும். இல்ல கழுத்தை விடணும்.”

“எது பாரம் அதிகம், மாப்ளே?”

“விளையாடாதீங்க மாமா. நாலே முக்கால் கிலோ. அஞ்சு மணி நேரம் நின்னுக்கிட்டே. வீட்டுக்கு வந்து படுத்தாலும் கழுத்து மட்டும் இன்னும் மேடையிலயே நிக்குது.”

“உக்காந்து வாசிக்கிறது?”

“புது மேனேஜர் வந்திருக்காரு. உக்காந்து வாசிச்சா ஆஸ்பத்திரியில டோக்கனுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்காம். அடுத்த சனிக்கிழமை எல்லாரையும் திரும்ப வாசிக்கச் சொல்லி, யார் இருக்கலாம், யார் போகலாம்னு பாக்கப் போறாரு.”

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். கணவனுக்கு நேர் எதிரில், உதடு தெரிகிற மாதிரி நின்றுகொண்டுதான் பேசினாள். “ஏங்க, எவனெவனுக்கோ குடைஞ்சு குடுக்கறீங்க. என் தம்பிக்கு ஒண்ணு குடைஞ்சா கை தேஞ்சிடுமா?”

இது நன்றாகக் கேட்டது.

மறுநாள் காதண்ணன் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் தடிமன் மகோகனிப் பலகை ஒன்றை எடுத்தார். குடைந்த உடம்பின் தத்துவம் எளிது. கிட்டாரின் கழுத்து மாட்டும் இடத்திலிருந்து கம்பிகள் இறங்கி நிற்கும் பிரிட்ஜ் வரை, நடுவில் ஒரு கை அகலத்துக்கு மரத்தைத் தொடாமல் விட வேண்டும். அது முதுகெலும்பு. கம்பியின் இழுப்பையெல்லாம் அதுதான் தாங்கும். அதற்கு மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை என்று நான்கு அறைகள். ஓரச் சுவர் விரல் தடிமன், அடித்தளம் ஆறே மில்லிமீட்டர். மேலே மேப்பிள் பலகை ஒட்டி மூடிவிட்டால், நாலு அறை கொண்ட வீட்டில் யாரும் குடியில்லை என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. எடை மட்டும் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

முதலில் துளைக் கருவியால் வரிசையாகக் குழிகள் போட்டார். பிறகு அச்சுப்பலகையை வைத்து, ரூட்டரை ஓட்டி, குழிகளுக்கு நடுவில் எஞ்சியிருந்ததை எடுத்தார். சட்டைப்பை, மூக்கு, மதியத் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் மகோகனி. மூன்று நாள் ஆயிற்று. அதற்கு நடுவே பட்டறை வேலையும் இருந்ததால், ஒட்டுகிற நாளில் அவர் மனிதராக இல்லை, களைத்து நடமாடும் மரத்தூள் மூட்டையாக இருந்தார்.

ஒட்டுவதில்தான் பிழை நடந்தது. பசையைச் சுவரின்மேல் மெல்லிசாகத் தீற்ற வேண்டும், உள் ஓரத்தில் நூல் அளவு இடம் காய்ந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை எழுதியவரே காதண்ணன்தான். ஆனால் களைத்த கைக்குக் குறைவாகப் போட்டுவிட்டோமோ என்ற பயம் வரும். மைத்துனன் மேடையில் நிற்கும்போது மேல்பலகை தூக்கிக்கொண்டால், வீட்டில் அடுத்த இருபது வருடம் அதையே பேசுவார்கள். ஆகவே இன்னும் ஒரு வளையம் பசை பிழிந்தார். பதினாறு கிளாம்ப் போட்டு இறுக்கினார். அதிகப்பட்ட பசை, போக்கிடம் இல்லாமல், அறைக்குள் வழிந்து, சுவரில் முத்து முத்தாகத் தொங்கிக் காய்ந்தது. அதில் ஒரு முத்து, மறுநாள் கிளாம்பைக் கழற்றும்போதே உதிர்ந்தது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் தட்டிப் பார்ப்பது. மெஷின்கள் நின்றன. காதண்ணன் உடம்பைக் காதோரம் குலுக்கினார், தட்டினார், கண்ணை மூடினார்.

“போகலாம்.”

வழக்கமாக அடுத்து அது பாலிஷ் அக்காவிடம் போயிருக்கும். வண்ணம் பூசிப் பளபளப்பேற்றுகிறவள், நாற்பத்தைந்து வயது, நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம். அவள் மகள் வீடு மாற்றுகிறாள் என்று அந்த வாரம் லீவு. நேரமும் இல்லை. காதண்ணனே எண்ணெயைத் தேய்த்து, மைத்துனனின் பழைய கிட்டாரிலிருந்து கழுத்தையும் காந்தங்களையும் கழற்றி இதில் மாட்டினார். இரண்டு கிலோ எழுநூறு. அவன் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, மாட்டிட்டேனா இல்லையா?” என்றான்.

வீட்டுக் கூடத்தில் வாசித்தான். அதே கம்பி, அதே காந்தம், அதே கழுத்து, உடம்பு மட்டும் வேறு. இருந்தும் முதல் தட்டிலேயே அவன் புருவம் உயர்ந்தது. சுரம் சட்டென்று எழுந்து வந்தது, நடுவில் கொஞ்சம் வெளி இருந்தது. பழையது மாதிரி நீண்டுகொண்டே போகாமல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் போனால் ஊளையிட்டது. தள்ளி நின்றால் அடங்கியது. எல்லாம் குடைந்த உடம்புக்கு உரிய குணங்கள். ஒன்றைத் தவிர.

“ஏங்க, நடுவுல ஏதோ பல்லு கடிக்கிற மாதிரி சத்தம் வருதே” என்றாள் மனைவி.

“ஆமா மாமா. இந்த ஒரு சுரத்துல மட்டும். ட்ர்ர்ன்னு.”

காதண்ணன் தலையைச் சாய்த்து, ஆழ்ந்து கேட்டார். எதுவும் கேட்கவில்லை. “வார்ப்பூட்டு” என்றார். தோள்வாரைக் கழற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை. “ஜன்னல் கண்ணாடி” என்றார். ஜன்னலில் துணி அடைத்தார்கள். “உன் சட்டைப் பொத்தான்” என்றார். மைத்துனன் பனியனோடு வாசித்தான். அப்புறம் ட்யூப்லைட்டைக் கழற்றி, இருட்டில் வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சத்தம் இன்னும் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருட்டில் அதுவும் போயிற்று. மனைவி ஸ்டூலில் ஏறினாள். லைட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, கணவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, கழுத்துப் பட்டையும் கிட்டாருமாக மைத்துனன் பட்டறைக்கே வந்துவிட்டான். அன்று மாலைதான் மேனேஜர் கேட்கப் போகிறார். முதலாளி ஓடி வந்தார். காதண்ணன் மின்விசிறித் திருகு என்று சொல்ல, ஏணி போட்டு விசிறியை இறக்கினார்கள். பிறகு அலமாரிக் கைப்பிடிகளை இறுக்கினார்கள். முதலாளி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன்மீது இனி சந்தேகம் வேண்டாம் என்பதுபோல் நின்றார்.

அவன் மறுபடி அந்தச் சுரத்தை வாசித்தபோது பாலிஷ் அக்கா லீவு முடிந்து உள்ளே வந்தாள். சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “என்ன இது, உள்ள பசை உருளுது?” என்றாள்.

எல்லோரும் கிட்டாரைப் பார்த்தார்கள். பிறகு காதண்ணனைப் பார்த்தார்கள்.

“அண்ணன் தட்டிப் பாத்துப் போகலாம்னாரே” என்றார் முதலாளி.

அக்கா பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். “அப்போ ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும் முதலாளி. அப்புறம் உதிர்ந்திருக்கும். வெயில் காலம் பாருங்க” என்றாள்.

நல்ல பொய். வெயிலைப் பழி சொன்னால் மறுக்க ஆளில்லை. காதண்ணன் அவள் உதட்டிலிருந்து அதை முழுக்க வாசித்தார். அவருக்காகவே சுடச்சுடச் செய்த பொய் என்றும் புரிந்தது. “ம்” என்றார்.

“அப்ப ஒரு ஓட்டை போட்டு எடுத்துடலாம்ல?” என்றான் மைத்துனன். துளைக் கருவியை எடுத்து அவர் கையில் வைத்தான். “எந்த அறைன்னு மட்டும் சொல்லுங்க மாமா. நான் வாசிக்கிறேன், நீங்க காது வச்சுப் பாருங்க.”

நாலு அறை. ஆறு மில்லிமீட்டர் மரம். நாலிலும் ஓட்டை போட்டால் அது கிட்டார் இல்லை, சல்லடை. அவன் அந்தச் சுரத்தைத் தட்டினான். காதண்ணன் குனிந்து, கிட்டாரின் முதுகில் காதை வைத்தார். பக்கத்து வீட்டில் யாரோ கனமாக நடப்பதுபோல் ஓர் அதிர்வு தாடைக்குள் வந்தது. அவ்வளவுதான். கீழ் அறை என்று சொல்லலாம். நாலில் ஒரு பங்கு சரியாக இருக்கும். மீதி மூன்று பங்கில் இந்தப் பையனுடைய கழுத்து இருந்தது. பட்டையின் ஓரத்தில் தோல் சிவந்திருந்ததை அவ்வளவு பக்கத்தில் அப்போதுதான் பார்த்தார்.

அவர் துளைக் கருவியை மேஜைமேல் வைத்தார்.

“எனக்குக் கேக்கல.”

“சத்தத்தைக் குறைங்கப்பா! அந்த ரூட்டரை நிறுத்து!” என்று முதலாளி பின்னால் பார்த்துக் கத்தினார்.

“நிறுத்தினாலும் கேக்காது முதலாளி. மூணு வருஷமா கேக்கல.”

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“நாலு வருஷம்” என்றாள் பாலிஷ் அக்கா.

“என்னம்மா?”

அவள் அவருக்கு எதிரில் வந்து நின்று, குரலை உயர்த்தினாள். “நாலு வருஷம்னேன்! நீங்க தட்டி அனுப்பினதை எல்லாம் நான் அங்க போய்த் திருப்பித் தட்டிக்கிட்டிருக்கேன். பூசற வேலையும் பாக்கணும், உங்க வேலையும் பாக்கணும். விரல் முட்டியைப் பாருங்க, எப்படிக் காய்ச்சிருக்குன்னு. பசை உருண்டதை எத்தனை வெளிய எடுத்திருக்கேன் தெரியுமா?”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். ரெண்டு தரம் உங்ககிட்டயே சொன்னேன். ‘ம்’னீங்க!”

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க எல்லோருக்கும் ஆசை இருந்தது. முதலாளி கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார். பட்டறையின் விளம்பரத் தாளில் காதண்ணன் கண்ணை மூடிக் கேட்கும் படம் பாதிப் பக்கத்துக்கு இருந்தது. முதலாளியின் மனது அங்கே போயிருக்க வேண்டும்.

அக்கா பையை வைத்துவிட்டுக் கிட்டாரைக் கன்னத்தில் சாய்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். “மேல் பக்கம். கழுத்துக்குக் கிட்ட இருக்கிற அறை” என்றாள். அதற்குப் பிறகு காதண்ணனின் கை தானாக எழுந்தது. கம்பியைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினார். கழுத்து உட்காரும் குழியின் பக்கச் சுவரில், மாட்டிய பிறகு யாருக்கும் தெரியாத இடத்தில், சாய்வாக ஒரே ஒரு துளை போட்டார். கிட்டாரைக் கவிழ்த்துக் குலுக்கினார்கள். துவரம்பருப்பு அளவில், மஞ்சளாக, ஒரு பசை உருண்டை தரையில் விழுந்து மேஜைக்கடியில் ஓடியது. சில நாளாக ஒரு குடும்பத்தையும் ஒரு பட்டறையையும் ஆட்டி வைத்த அந்தப் பிரமுகரைத் தேடிப் பிடிக்க யாருக்கும் தெம்பில்லை.

கழுத்தைத் திரும்ப மாட்டியதும் மைத்துனன் அவசரமாகச் சுருதி சேர்த்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் திரும்பி, “மாமா, வீட்ல எங்க அக்காவுக்குத் தெரியும். அன்னிக்கு லைட்டைக் கழட்டினப்பவே எங்கிட்ட சொல்லிட்டா” என்றான். காதண்ணனுக்கு இது கேட்கவில்லை. முதலாளி திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வீட்டு ரகசியத்தை முதலாளியின் வாயால் கேட்பது அவருக்குப் புது அனுபவம்.

அன்று மாலை மேனேஜர், கிட்டார்க்காரன் இருக்கலாம், சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் குறையலாம் என்று தீர்ப்பு சொன்னார். பட்டறைத் தீர்ப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. குடைவது காதண்ணன், தட்டுவது அக்கா. காதடைப்பான் போடாமல் ரூட்டர் பக்கம் வந்தால் முதலாளியே மெயின் சுவிட்சை அணைப்பார். வாரத்தில் மூன்று நாள் உப்புத்தாள் மேஜை. பெயரை மட்டும் மாற்றவில்லை. ஒன்பது பேரும் புதுப் பெயர் பழக வேண்டுமே என்கிற சோம்பல்தான் காரணம்.

திங்கட்கிழமை உப்புத்தாள் நாள். பத்து மணிக்கு மெஷின்கள் நின்றன. அக்கா, குளியலறைக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறவளைப் போல நாலு தட்டுத் தட்டிவிட்டு, “போகலாம்” என்றாள். கண்ணை மூடவில்லை. வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் கொஞ்சம் ஏமாந்தார்.

காதண்ணன் உப்புத்தாளை வைத்துவிட்டு அவள் மேஜைக்குப் போனார். முழங்கால்கள் ஆட்சேபித்தன.

“எப்படிம்மா இருக்கு?”

“எது?”

“இது. குடைஞ்சது. தட்டினா எப்படி இருக்கு?”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு வருடத்தில் அவர் யாரிடமும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சொல்கிறவராகவே இருந்தார்.

“குடையாத கட்டையைத் தட்டினா, வேலையா இருக்கேன், அப்புறம் வான்னு சொல்லும். இது கதவைத் தொறந்து யாருன்னு கேக்குது.”

“மச்சான் கிட்டார்?”

“அதுவும்தான். சீக்கிரம் தொறக்குது, சீக்கிரம் சாத்திக்குது. நடுவுல கொஞ்சம் காத்து வருது.”

“கீச்சுன்னு ஏதாவது?”

“என்ன?”

“கூரா... மேல்சத்தம் இருக்கா?”

“இருக்கு அண்ணே. நல்லாவே இருக்கு. ‘உறுத்தாத மென்மையான ஒலி’ன்னு வர்றவங்க எல்லாருக்கும் சொல்லி அனுப்பினீங்களே, அத்தனையிலயும் இருக்கு.”

அவர் அந்த உடம்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சுவர் சரியான தடிமன். அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“இன்னொரு தரம் தட்டேன். தட்டிட்டுச் சொல்லு.”

“ஒவ்வொண்ணையும் உங்களுக்குக் கத்திச் சொல்லணும்னா என் தொண்டை என்ன ஆறது? டீ வரட்டும் அண்ணே. டீ குடிக்கிறப்ப சொல்றேன்.”

டீ வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. காதண்ணன் உப்புத்தாள் மேஜைக்குத் திரும்பி, காதடைப்பானை மாட்டிக்கொண்டு, தேய்க்க ஆரம்பித்தார்.